மூலையில் விழும் திகதி

ஞானசேகரத்தாரின் கமராவை யாரும் குறைசொன்னால் அவருக்குப் பிடிக்காது. குறையே இல்லை என்பதல்ல. குறைசொல்லும் உரிமை தனக்கு மட்டும்தான் என்ற நினைப்பு. சண்டை ஓய்ந்திருந்த நாட்களில் கனடாவிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்துவிட்டுப் போனது அது. பற்றரி மூடி உடைந்து இறப்பர் வளையத்தின் புண்ணியத்தில் நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் ஆற அமர யோசித்துத்தான் படம் எடுக்கும்; அதற்குள் சிரித்தவர்கள் சிரித்து முடித்து வாயை மூடியிருப்பார்கள். இத்தனைக்கும் அவர் குடியிருக்கும் உவர்மலையில் அவர் படம் எடுக்காத பிறந்தநாள் கொண்டாட்டம் குறைவு.

பெரிய தலையிடி திகதிதான். பற்றரியைக் கழற்றினால் போதும், கமரா எல்லாவற்றையும் மறந்து 01.01.2003க்குப் போய்விடும். சண்டை திரும்பவும் தொடங்கி ஒரு வருடம் கழிந்த இந்த 2007இலோ, நகரத்துக்குள் போகும் சந்தியில் நிற்கும் சிப்பாய் கமராவைக் கண்டால் பற்றரியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காமல் விடமாட்டான். திகதியைத் திரும்பச் சரிசெய்யப் பதினொரு தடவை பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அவர் அதைக் கைவிட்டார். ஆனால் படத்தின் மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் திகதி விழுவதை மட்டும் நிறுத்த மனம் வரவில்லை. தபால் கந்தோர்க்காரர் அல்லவா. திகதி இல்லாத படம் முத்திரை குத்தாத கடிதம் மாதிரி என்பார்.

அதில்தான் வினை வந்தது. மகள் கோணேஸ்வரிக்கு இருபத்தொன்பது வயது. மூன்று வருடமாகச் சம்பந்தங்கள் வந்து வந்து முறிந்த பிறகு, தரகர் தவராசா ரொறொன்ரோவில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துத் தந்தார். சாதகமும் பொருந்தியது. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் மகளை நிறுத்திப் படம் எடுத்து, அங்கிருந்தே ஒரு கடைக்குப் போய் மின்னஞ்சலில் அனுப்பினார் ஞானசேகரத்தார். நாலாம் நாள் தவராசா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அண்ணை, பெடியன்ரை தாய் ஒரு கதை கதைக்கிறா. மூலையிலை 2003 எண்டு கிடக்காம். நாலு வருசத்துக்கு முந்தின படத்தை அனுப்பி ஏமாத்தப் பாக்கினமாம்."

"அந்தச் சனியனைக் கொண்டுபோய்க் கடலிலை எறியுங்கோ!" என்று குசினிக்குள்ளிருந்து மனைவி அன்னலட்சுமியின் குரல் வந்தது.

ஞானசேகரத்தார் முதல் தடவையாகக் கமராவுக்காக வாதாடவில்லை. மகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பதினொரு அமுக்கு, அவ்வளவுதான். தான் பஞ்சிப்பட்டுச் சோம்பியிருந்ததால் பிள்ளையின் வாழ்க்கை போகப் பார்க்கிறதே என்று மனம் வெந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மறுபடி படம் எடுத்தார். கமராவின் பற்றரிகள் செத்துக் கிடந்தன. அன்று ஹர்த்தால், கடைகளும் பூட்டு. சுவர் மணிக்கூட்டிலிருந்து ஒன்று, ரேடியோவிலிருந்து ஒன்று என்று கழற்றிப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் திகதியைச் சரிசெய்தார். கோணேஸ்வரி அதே சேலையில், அதே கொண்டையோடு நின்றாள். மறுநாள் கமராவை வீட்டில் விட்டுவிட்டு, படங்கள் பதியும் அட்டையை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மின்னஞ்சல் கடைக்குப் போனார். சிப்பாய்க்குக் கழற்ற ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு கிழமை கழித்துத் தவராசா வந்து கதிரையில் இருந்தார். கொடுத்த தேத்தண்ணி ஆறியது.

"திகதி சரியாம் அண்ணை. அதிலை பிரச்சினை இல்லை."

"பிறகென்ன?"

"ரெண்டு படத்தையும் பக்கத்திலை வச்சுப் பாத்தவையாம். நாலு வருசத்திலை பிள்ளை நல்லா வாடிப்போச்சாம். முந்தின வடிவு இல்லையாம். யோசிச்சுத்தான் சொல்லுவினமாம்."

குசினி வாசலில் கோணேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"ஒன்பது நாளிலை வாடிப்போனன் அப்பா!"

தவராசா பதறிப்போனார். "நான் எடுத்துச் சொல்லுறன் அண்ணை. ரெண்டும் இப்பத்தைய படம் எண்டு விளங்கப்படுத்தினால் காரியம் சரி."

அன்னலட்சுமி கணவனையே பார்த்தபடி நின்றாள். மூன்று வருடமாக வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டிய மனுசன், இப்போதும் ஆட்டுவார் என்றுதான் நினைத்தாள்.

"வேண்டாம் தவராசா," என்றார் ஞானசேகரத்தார். "யோசிக்க வேண்டாம் எண்டு அவைக்குச் சொல்லும். எங்களுக்குச் சரிவராது."

"ஒன்பது நாள் எண்டதையாவது சொல்லட்டோ?"

"அதையும் சொல்ல வேண்டாம்."

தவராசா போன பிறகு ஞானசேகரத்தார் கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தார். செய்தது சரியோ பிழையோ, அவருக்கே தெரியவில்லை. மகளோ இன்னும் சிரித்தபடி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் எழுந்து அலுமாரியிலிருந்து கமராவை எடுத்தார். பழைய இடத்துக்குப் போயிருந்த பற்றரிகளை மணிக்கூட்டிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் திரும்பக் கழற்றிப் போட்டு, இறப்பர் வளையத்தை மாட்டினார். கமரா கண் விழித்தது.

"அப்பா, திகதி 2003!" என்றாள் கோணேஸ்வரி.

"கிடக்கட்டும், நில்லு."

பொத்தானை அழுத்தினார். கமரா வழக்கம்போல ஆற அமர யோசித்தது. அது யோசித்து முடிக்கும்வரைக்கும் கோணேஸ்வரி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.