முப்பத்தெட்டாம் பக்கத்து வாக்கியம்

பதினேழு வருடமாக அந்தப் பதிப்பகத்தில் பிழைதிருத்துபவள் அவள். சட்டம், மருத்துவம், சமையல் என்று எது வந்தாலும் அசராதவளை இந்தச் சினிமாக் கோட்பாட்டுப் புத்தகம் படாதபாடு படுத்தியது. மொழிபெயர்த்தவன் கணவனின் தம்பி, கல்லூரியில் சினிமா பாடம் நடத்துபவன். வெளியாள் என்றால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம்.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் வண்டி நின்றேவிட்டது. 'பார்க்கப்படுதலின் அகவயமாக்கலில் பெண்ணிருப்பு தன்னையே நோக்குபொருளாக்குகிறது.' நாலு தடவை படித்தும் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. போனை எடுத்தாள்.

"தம்பி, இது யாருக்குப் புரியும்?"

"கோட்பாடுன்னா கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும் அண்ணி. சினிமாவுல கேமரா ஆம்பளைக் கண்ணால பொண்ணைப் பாக்குது. போகப்போக அவளும் அதே கண்ணால தன்னைப் பாத்துக்கறா."

"யாருமே பாக்காதப்ப அவ எதுக்கு அப்படிப் பாத்துக்கணும்?"

"உங்களுக்குச் சொல்லி மாளாது அண்ணி. கிளாஸுக்கு நேரமாச்சு." வைத்துவிட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து எலக்ட்ரீஷியன் ஏணியோடு நுழைந்தார். அவள் மேஜைக்கு நேரெதிரே, போன வாரம் முதலாளி மாட்டிவைத்த கண்காணிப்புக் கேமராவுக்கு ஒயர் இழுக்க வேண்டுமாம்.

"அப்ப இத்தனை நாளா?"

"சும்மா தொங்கிட்டிருந்துதும்மா. லைனே இன்னிக்குத்தான் குடுக்கறேன்."

முகம் சுட்டது. எட்டு நாளாக முதுகு வலிக்க நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்றிருக்கிறாள். மணிக்கொரு தரம் முடியை ஒதுக்கியிருக்கிறாள். பார்த்தது யார்? அவளேதான், முதலாளியின் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு.

"அடச்சே!" என்று பேனாவை வீசினாள்.

ஏணிமேல் இருந்தவர் திடுக்கிட்டார். "என்னம்மா, ஷாக் எனக்குல்ல அடிக்கணும்?"

"அதை வாசல் பக்கம் திருப்புங்க. முதலாளி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கித் திருப்பினார். அவள் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதினாள்: 'யாரும் பார்க்காதபோதும், பார்க்கிறவனின் கண்ணாலேயே பெண் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள்.' கொழுந்தனுக்கு அனுப்பினாள்.

மதியத்துக்குமேல் பதில் வந்தது. 'சரியாத்தான் இருக்கு அண்ணி. ஆனா கோட்பாடு மாதிரி இல்லையே.'

பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். 'தையலின் வழி பார்வையாளர் படத்துள் பிணைக்கப்படுகிறார்.' மறுபடியும் போன்.

"தம்பி, இது துணி தைக்கிற தையலா, இல்ல பொண்ணைச் சொல்ற தையலா?"