தரைக்குக் கீழே காற்று

இலங்கை மலைநாட்டில், நானுஓயாவிலிருந்து லிந்துலைக்குப் போகும் பாதையோரம், எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் கடைசிக் காலத்தை ஓட்டக் கட்டிய வீடு அது. அவன் போய்ச் சேர்ந்தான். பிறகு மரக்கறி வியாபாரம் செய்த ஒரு முதலாளி வாங்கினார், வாங்கியதோடு மறந்தார். தகரம் துருவேறி நின்றபோது சோலைமலையும் நாகலெட்சுமியும் அதை வாங்கினார்கள். இரண்டு அறை, பின்னால் சமைக்க ஒரு குசினி, உருளைக்கிழங்கு போட ஒரு துண்டு நிலம். கருங்கல் அடித்தளம், அதன்மேல் பலகைத் தரை.

வாங்கலாம் என்றவள் நாகலெட்சுமி. அவள் சொன்ன எதற்கும் சோலைமலை சட்டென்று சரி என்றதில்லை. இதற்கும் சொல்லவில்லை. பார்க்க மட்டும் போனான். அவள் உள்ளே போய்ப் பலகையை ஒரு மிதி மிதித்தாள். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள்.

"உசிரு இருக்குங்க," என்றாள்.

அவனுக்கும் அந்த வீடு வேண்டும்போல் ஆகிவிட்டது.

இருவரும் தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுப் பேரை வெட்டிக்கொண்டார்கள். அவன் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிறவன். அவள் மலையில் கொழுந்து பறிக்கிறவள். பேர் இல்லாதவர்களுக்கு லயத்து வரிசை வீடுகளில் காம்பரா இல்லை. மாதக் கடைசியில் விட்டுவிட வேண்டும் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். புதிதாகக் கல்யாணமான அழகுமுத்துவுக்கு அந்தக் காம்பரா என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அடுத்த காம்பரா வேலாயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏண்டி லெச்சுமி, பலகைக்குச் சாணி மெழுகுவியா, இல்ல தொரசாணி மாதிரி சப்பாத்து போட்டுக்கிட்டு நடப்பியா?"

"ரெண்டும் இல்லடி. உன்னைக் கூட்டிப்போய் உருள விடுவேன். தரை தானா மினுங்கும்."

தச்சு வேலை செய்யும் பியதாச பாஸ் வந்து கூரைத் தகரத்தில் பாதியை மாற்றினார். இற்ற பலகைகளைப் பெயர்த்துப் புதியவை அடித்தார். நாகலெட்சுமி கதவுகளில் படிந்திருந்த கரியைச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட உள்ளேயிருந்து தேன் நிறத்தில் மரம் வந்தது. சோலைமலை அதைத் தொட்டுப் பார்த்தான். இவ்வளவு நல்ல மரத்தை அவன் துரை பங்களாவில், அதுவும் வாசலில் நின்றுதான் பார்த்திருக்கிறான்.

பாஸ் வேலையை முடித்துப் போன பிறகு அவன் வீட்டைச் சுற்றி வந்தான். அடித்தளத்தில், மண்ணுக்குச் சற்று மேலே, நாலு பக்கமும் கம்பி போட்ட சிறு ஓட்டைகள் இருந்தன. கையை வைத்தான். பனிக்காற்று விறுவிறுவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

லயத்தில் மழைக்கு முந்தி ஆண்கள் செய்யும் வேலை ஓட்டை அடைப்பது. சுவர்ச் சந்துக்குக் களிமண், கதவடிக்குச் சாக்கு, தகர இடுக்குக்குக் கந்தல். குளிரை வெளியே நிறுத்துகிறவனைத்தான் அங்கே குடும்பஸ்தன் என்பார்கள். சோலைமலை ஓர் ஓட்டை விடாமல் கல்லும் சீமெந்தும் வைத்து அடைத்தான். நாகலெட்சுமி தடவிப் பார்த்து மெச்சினாள்.

"இனிமே எலியும் வராது, குளிரும் வராது," என்றான்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. பாதையில் மண் சரிந்து கிடந்ததால் அவர்களால் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. போனபோது கதவு திறக்கவில்லை. தோளால் முட்டித் தள்ளினான். உள்ளே பூஞ்சணம் நாறியது. புதுப் பலகைகள் ஊதி, முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றன. பழைய பலகைகளின் விளிம்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

சோலைமலை அப்படியே உட்கார்ந்துவிட்டான். மாதம் முடிய இன்னும் சில நாள்தான்.

"போச்சு புள்ள. கணக்கப்பிள்ளை கால்ல விழுந்துர்றேன். மறுபடி பேரைப் பதியச் சொல்லிக் கேக்குறேன்."

"விழுறதுக்கு முந்தி இதைப் புடிங்க," என்று இரும்பு அலவாங்கை நீட்டினாள்.

ஒரு பலகையை நெம்பித் தூக்கினார்கள். மூடி வைத்த சட்டியைத் திறந்ததுபோல் ஒரு புழுக்கம் முகத்தில் அடித்தது. நாகலெட்சுமி பலகையைத் திருப்பிப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்தது. அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

"கூரைத் தண்ணி இல்லங்க இது. அடியில வேர்த்திருக்கு."

அந்த நீரை விரலால் வழித்துப் பார்த்தாள்.

"ஏங்க, ஸ்டோருல கொழுந்தைத் தட்டுல விரிக்கிறீங்களே, தட்டுக்கு அடியில என்னா வப்பீங்க?"

"ஒண்ணும் வக்க மாட்டோம். காத்து போகணும்ல."

"போகாட்டி?"

"புழுங்கிச் செவந்து..." அவன் நிறுத்தினான். வாழ்நாளெல்லாம் பார்த்த வேலை. மழை நாளில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று மேல்மாடியில் அவனைத்தான் கேட்பார்கள்.

"என்னை ஏன் புள்ள தடுக்கல நீ?"

"நானும்தானே தடவித் தடவி மெச்சினேன்," என்று சிரித்தாள். "வெள்ளைக்காரன் கல்லு பத்தாமயா ஓட்டை விட்டான்? எந்திரிங்க."

மழையிலேயே சுற்றி வந்து அடைப்புகளை உடைத்தான். கடைசி ஓட்டை திறந்தபோது எதிர்ச் சுவர் வழியாகக் காற்று சீறி வந்தது. ஆனால் ஈரம் காய நாளாகும். அதையும் அவளே சொன்னாள். முன்னறைப் பலகை முழுவதையும் கழற்றி, அதைத் தாங்கும் மரச் சட்டங்களை மட்டும் விட வேண்டும். பின்னறையில் இடைவெளி விட்டுச் சாய்த்து வைத்து, அங்கே சுவரில் இருக்கும் கணப்பை மூட்ட வேண்டும்.

"தரை இல்லாம எப்படிக் குடி போறது? நாலு பேரு வருவாங்க."

"வரட்டும். சட்டத்துல உக்காரட்டும்."

சொல்லிவிட்டுப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றைச் சட்டத்தின்மேல் நடந்து போனாள். கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய கால். ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. சோலைமலை கையில் இருந்த ஆணியை மறந்து அவளையே பார்த்தான். இத்தனை வருஷம் சரி என்று சொல்லாமல் இருந்த அத்தனை நேரமும் அவனுக்கு வீணாகத் தோன்றியது.

மாதக் கடைசி நாள் காலையில் குசினியில் பால் பொங்கியது. லயத்து ஆட்கள் முன்னறைக்கு வந்து திகைத்து நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் கீழே தொங்கவிட்டார்கள். கீழே ஈர மண்.

"வீடு வாங்கினேன்னு சொன்னே," என்றாள் வேலாயி. "குழியத்தானே வாங்கியிருக்கே!"

"குழின்னாலும் எங்க குழிடி. யாரும் வெளிய எறங்கச் சொல்ல முடியாது. பாலைக் குடி, ஆறிப்போகும்."

வேலாயி குடித்தாள். குடித்துக்கொண்டே கதவையும், கூரையையும், புகை ஏறும் கணப்பையும் ஒரு சுற்று பார்த்தாள்.

அழகுமுத்து தயங்கித் தயங்கிச் சோலைமலையிடம் வந்தான்.

"மாமா, கணக்கப்பிள்ளைகிட்டக் கேட்டேன். இன்னொரு மாசம் வேணும்னாலும் நீங்க காம்பராவுல இருந்துக்கலாமாம். நாங்க அம்மா வீட்டுல சமாளிச்சுக்குவோம்."

எல்லோரும் சோலைமலையைப் பார்த்தார்கள். அவன் நாகலெட்சுமியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது கழுவிய டம்ளர்தான்.

"எங்களுக்கு வேணாம் தம்பி," என்றான் சோலைமலை. "பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே போயிரு."

நாகலெட்சுமி டம்ளரைத் துடைத்துப் பால் ஊற்றினாள். சட்டத்தின்மேல் நடந்து வந்து அவனிடம் நீட்டினாள்.