ஃப்ரீசருக்குள் போன ரியோஹா

ஃப்ரீசரைத் திறந்த அருணாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உறைந்த பரோட்டா பாக்கெட்டுகளுக்கு நடுவே அவளுடைய ரியோஹா ஒயின் பாட்டில் படுத்திருந்தது. கோபம் கொஞ்சம் பின்னால் வந்தது. வந்தது போகவே இல்லை. பாட்டிலை எடுத்துத் துடைத்துச் சாப்பாட்டு மேஜைமேல் நிறுத்தினாள்.

அது அவள் சம்பாதித்த பாட்டில். துபாயில் ஓட்டல் ஒன்றின் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தவள், அந்த வாரம்தான் மேனேஜர் ஆனாள். ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் ஸ்பெயின்காரர். தன் ஊர்ச் சிவப்பு ஒயினை அவள் கையில் கொடுத்து, பூண்டு போட்டு நிதானமாகச் சுட்ட ஆட்டுத்தொடைக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது, காளானும் சீஸும்கூடச் சேரும், மிளகாயை மட்டும் கிட்டே விடாதே, கசந்துவிடும் என்று சொல்லியிருந்தார். ஐஸில் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அதை வீட்டுக்காரன் ஜெயசீலனிடம் அவள் சொல்லாமலா இருந்தாள்? சனிக்கிழமை மத்தியானம் அவனோடு மேஜையில் உட்கார்ந்து, கறியும் ஒயினுமாகச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அவனோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதே மத்தியானத்துக்குத் தன் நண்பர் உடையப்பனை மனைவியோடு வரச் சொல்லியிருந்தான். நம் ஆண்கள் குடிப்பதற்கு ஒரு சாஸ்திரம் வைத்திருக்கிறார்கள். ஹாலில் பாட்டில், செவன் அப், வறுத்த கடலை. அடுப்படியில் பெண்கள் காரசாரமாகப் பொரித்துத் தட்டுத் தட்டாக அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் சைடு டிஷ். பாட்டில் காலியானால்தான் சோறு. ஆண்கள் கை கழுவினால்தான் பெண்களுக்குத் தட்டு. விமானம் ஏறும்போது எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காமல் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

உடையப்பனின் மனைவி மீனாம்பாள் வந்ததும் வராததுமாக முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய், ஜெயசீலன் ஊறவைத்திருந்த சிக்கன் சிக்ஸ்டிஃபைவைப் பொரிக்க ஆரம்பித்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. முதல் தட்டு ஹாலுக்குப் போனது. ஒயின் எங்கே என்று ஜெயசீலன் குரல் கொடுத்தான்.

அருணா ஓவனிலிருந்து ஆட்டுத்தொடையை எடுத்து மேஜையில் வைத்தாள். நாலு தட்டு போட்டாள். கார்க்கைத் திருகி எடுத்துத் தன் கிளாசில் முதலில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெயசீலனின் முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அண்ணாச்சி முன்னாடி மானத்த வாங்காத. பாட்டில இங்க குடு."

"இது என் பாட்டில். வேணும்னா வந்து மேஜையில உக்காருங்க. சோபாவுக்கு வராது."

நிலைமையைச் சரிக்கட்ட உடையப்பன் சிரித்தபடி எழுந்து வந்தார். வாயில் சிக்ஸ்டிஃபைவ் இருக்கும்போதே, அருணா ஊற்றிக் கொடுத்ததில் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கஷாயம் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். கொஞ்சம் செவன் அப் கலந்தால் சரியாகிவிடும் என்றார். அருணா பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். கலப்பதற்கு ஒரு சொட்டும் கிடையாது என்று மரியாதையாகவே சொன்னாள். அவர் சோபாவுக்குத் திரும்பிப் போனார். ஜெயசீலனும் பின்னாலேயே போனான். அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

"மதினி, வாங்க. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுவோம்."

மீனாம்பாள் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். ஆண்கள் இன்னும் சாப்பிடவில்லையே என்றாள். அருணா நாற்காலியை இழுத்துப் போட்டாள். மீனாம்பாள் ஹாலைப் பார்த்தாள், கறியைப் பார்த்தாள். விருந்துக்குப் போன எந்த வீட்டிலும் அவள் சூடாகச் சாப்பிட்டதே இல்லை. உள்ளே போய்க் கரண்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒயின் வேண்டாம், தண்ணீர் போதும் என்றாள்.

ஹாலில் காலித்தட்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மீனா, அடுத்த தட்டு எங்க?"

மீனாம்பாள் எலும்பிலிருந்து கறியைப் பிய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அடுப்ப அணைச்சிட்டேன். வேணும்னா பத்தவச்சுப் பொரிச்சுக்கங்க."