உடை கழற்றும் பரீட்சை

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் நான் சொன்ன எதையும் ஒரே தடவையில் செய்ததில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அப்படிப்பட்டவரை நம்பித்தான் இப்போது என் பிழைப்பே இருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே ஆம்புலன்ஸ். அவர் ஓட்டுவார், பின்னால் நோயாளியைக் கவனிப்பது நான். பக்கத்துத் துறைமுக நகரத்தில் பொல்லாத காய்ச்சல் ஒன்று பரவியது. அது இங்கே வருவதற்குள் எங்களைத் தயார்படுத்த ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். பரீட்சையில் தேறாதவர்களுக்கு வண்டி கிடையாது, தொலைபேசி அறையில் நாற்காலிதான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பரீட்சை இதுதான். தலை முதல் கால் வரை மூடும் பாதுகாப்பு உடை, முகக்கவசம், இரண்டு அடுக்குக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு ரப்பர் நோயாளியைத் தூக்க வேண்டும். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பொடி பூசியிருப்பார்கள். கிருமிக்குப் பதில் அது. பிறகு உடையைக் கழற்ற வேண்டும். ஜோடியில் ஒருவர் தள்ளி நின்று அட்டையைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் சொல்ல, மற்றவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். கடைசியில் நீல விளக்கு அடித்தால் பொடி ஒட்டிய இடமெல்லாம் மின்னும்.

முதலில் அவர் முறை.

"மேல் கையுறையக் கழட்டுங்க," என்றேன். கழற்றினார்.

"நில்லுங்க." நின்றார்.

எனக்கே தலை சுற்றியது. விளக்கு அடித்துப் பார்த்தால் மனிதர் மேல் ஒரு பொட்டுப் பொடி இல்லை.

அடுத்து நான். "மேல் கையுறைய..." என்று அவர் இழுப்பதற்குள், "தெரியும், தெரியும்" என்று கையுறையோடு உடையின் தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். நீல வெளிச்சத்தில் என் கூந்தல் கடைத்தெரு மாதிரி ஜொலித்தது.

"சொன்னா கேக்காத ஆளு யாருன்னு இப்பத் தெரிஞ்சுது," என்றார் டாக்டரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "விடும்மா" என்று தலையைத் தடவினார்.

டாக்டரம்மாவுக்கு மனசு இளகியது. "தலைய அலசிட்டு வாங்க. இன்னொரு தடவைதான்."

இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் செய்தேன். அவருக்கு அதிகாரம் ருசித்துவிட்டது.

"கைய அகல விரி." விரித்தேன்.

"அசையாத." அசையவில்லை.

"ராத்திரி குறட்டை விடுறது நீதான்னு ஒத்துக்க."

டாக்டரம்மா அட்டையை எட்டிப் பார்த்தார். "அது எந்தப் படியில சார் இருக்கு?"

"நான்தான், நான்தான்! அடுத்தத சொல்லித் தொலைங்க!" என்று முகக்கவசத்துக்குள் கத்தினேன்.

விளக்கு அடித்தார்கள். நான் சுத்தம்! "வண்டி உங்களுக்குத்தான்," என்றார் டாக்டரம்மா. துள்ளிக் குதித்தேன். அவர் விளக்கை அணைக்கத் திரும்பியபோது வெளிச்சம் என் வீட்டுக்காரர் மேல் பட்டது. உள்ளங்கை மின்னியது. மூக்கு மின்னியது. மீசை தனியாக மின்னியது.

"அப்ப சுத்தமா இருந்தீங்களே சார். இது எங்க ஒட்டுச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். "இவ அழுதாளேன்னு தலையத் தடவிக் குடுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. "நோயும் இந்த வழியாத்தான் வீட்டுக்கு வரும்," என்றார் டாக்டரம்மா மெதுவாக. "கூட்டிட்டுப் போய்க் கழுவ வைங்கம்மா. நீங்க சொன்னாத்தான் கேக்குறாரே."

குழாயடியில் நான் சொல்லச் சொல்ல உள்ளங்கை, விரல் இடுக்கு, மூக்கு, மீசை என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்த மனிதரை விட்டுவிட்டு வேறு யார் வண்டியிலும் ஏற மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"குறட்டை விடுறது நீங்கதானே?"

"ஆமா," என்றார் ஒரே தடவையில்.

கையைத் துடைத்துவிட்டு ஈரத் துண்டை என் தோளில் போட்டார்.