முனி வளைவில் எரிந்த சிவப்பு விளக்கு

1953ஆம் வருடம் ஐப்பசி மாதம், இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலேயுள்ள ஒட்டுப்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி, மகாகனம் பொருந்திய பழனியாண்டி அவர்களின் மோட்டார் காரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது என்பதை, இதனால் எல்லா லயத்து வரிசைவீட்டுச் சனங்களும், அடுத்த தோட்டத்தாரும், நேரம் இருந்தால் வானத்துத் தேவர்களும் அறிந்துகொள்வார்களாக.

விளக்கு என்னவோ மாதுளை முத்தளவுதான். ஆனால் அது எரிந்தபோதெல்லாம் டிரைவர் வீரய்யா சாலையை விட்டுவிட்டு அதையே பார்த்தான்.

அந்தக் காரை, சீமைக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரையிடம் பெரிய கங்காணி வாங்கியிருந்தார். அதற்குமுன் வீரய்யா தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவன். லொறியில் விளக்கு என்றால் முன்னால் இரண்டு. அதிலும் ஒன்று எரியாது. கார் அப்படியா? முன்பலகை முழுக்கக் கண்ணாடி வட்டங்கள். துரை போகிற அவசரத்தில் எது எதற்கென்று சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே!

பெரிய கங்காணிக்குக் காரைப் பற்றிச் சொந்தமாக இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று, இறக்கத்தில் பெட்ரோல் எரிப்பவன் மடையன். தோட்டத்துக்குக் கீழே முனியாண்டி கோயில் வளைவிலிருந்து நோர்வூட் பாலம் வரை ஒரே இறக்கம். ஆகவே வளைவு வந்ததும் வீரய்யா சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிட வேண்டும். கியரை எடுத்துவிட்டால் கார் தானாக உருளும். பாலத்தில் மறுபடி என்ஜினைக் கிளப்பிக்கொள்ளலாம்.

இரண்டாவது கொள்கை, பெரிய கங்காணி வருவது ஊருக்குத் தெரிய வேண்டும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும். அந்தக் காரிலோ சாவி மூடியிருந்தால் ஹாரன் அடிக்காது. எனவே என்ஜின் நின்றதும் சாவியை மட்டும் மறுபடி திறந்து வைக்க வேண்டும். சிக்கனமும் கௌரவமும் இப்படி ஒரே சாவியில் குடியிருந்தன.

வீரய்யா அப்படியே செய்தான். முனி வளைவில் சிவப்பு எரிந்தது. பாலத்தில் அணைந்தது. ஏறும்போது எரியவே இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

தோட்டத்து மேதைகள் கூடி ஆராய்ந்தார்கள். தேயிலை ஆலையின் டீ மேக்கர் ஐயா, பிரேக் தேய்ந்துவிட்டது என்றார். தோட்டத்து மருந்தய்யா காரின் மூக்கைத் தொட்டுப் பார்த்து, "உள்காய்ச்சல்" என்றார். நோர்வூட் கடைவீதியில் மோட்டார் சாமான் விற்கும் நஸார் முதலாளியிடம் காரைக் கொண்டுபோனார்கள். கடை வாசலில் என்ஜின் உறுமிக்கொண்டு நின்றது; விளக்கு எரியவில்லை.

"எங்க, காட்டுங்க பாப்பம்," என்றார் நஸார்.

"இப்ப இல்லீங்க மொதலாளி. வர்ற வழியில எரிஞ்சிச்சுங்க," என்றான் வீரய்யா.

"அப்ப வழியத்தான் ரிப்பேர் பண்ணணும். அது நம்ம கடையில இல்ல." சொல்லிவிட்டு, வந்தவர்கள் சும்மா போகக்கூடாதே என்று பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பினார்.

இதெல்லாம் வெறும் வேடிக்கையாகவே போயிருக்கும், பெரிய கங்காணியின் மகள் பூரணிக்கு லிந்துலையிலிருந்து வரன் வராமல் இருந்திருந்தால். மாப்பிள்ளையின் தகப்பனார், கணக்கப்பிள்ளை செல்லசாமி, முதலில் ஆண்களோடு வந்து பெண்ணைப் பார்த்தார். திரும்பும்போது இந்தக் காரில் விளக்கையும் பார்த்தார். போய் மனைவி அழகம்மாவிடம் இரண்டையும் சொன்னார். அழகம்மா பெண்ணை விட்டுவிட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டாள். பெண் வீட்டிலிருந்து இறங்கும்போது சிவப்பா? சகுனமே சரியில்லையே! வெள்ளிக்கிழமை தானே வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று ஆள் விட்டாள்.

பெரிய கங்காணி வீரய்யாவைக் கூப்பிட்டார். வழக்கமாகக் கத்துகிறவர் அன்று கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வீரய்யா, எம் புள்ள கலியாணம்டா இது. வெள்ளிக்கிழம அந்தச் செகப்பு எரிஞ்சிச்சின்னா, சனிக்கிழம நீ டைவர் கோட்ட கழட்டிக் குடுத்திட்டு மம்பட்டி எடுத்து மண்ணு கிண்டப் போயிரு."

அந்தக் காக்கிக் கோட்டுக்கு முன் வீரய்யா வெறும் வீரய்யா. கோட்டு வந்த பிறகு, காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது அவன் மனைவி ராக்காயியைக்கூட "டைவர் பொஞ்சாதி" என்று கூப்பிட்டார்கள். அவள் முகம் திருப்பிக்கொள்வாள். ஆனால் அன்றைக்குக் கொழுந்து கொஞ்சம் கூடுதலாக எடுப்பாள். அதை அவன் கவனித்திருந்தான்.

பூசாரி அழகன் விஷயத்தைக் கேட்டதும் கண்ணை மூடித் திறந்தார். "வளைவுல ஆரு இருக்கா? முனி. வெளக்கு எங்க எரியுது? வளைவுல. இதுக்கு மேல என்னடா ஆராச்சி? கருஞ்சேவ கேக்குறாரு."

ஒட்டுப்பாறையில் கருஞ்சேவல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ராக்காயியுடையது.

"கங்காணி கார்ல வெளக்கு எரிஞ்சா, எஞ் சேவ கழுத்தயா அறுப்பாங்க?" என்றாள் அவள்.

"எங் கழுத்த அறுக்கிறத விட அது தேவலாம்ல, புள்ள?"

"அத நான் இன்னும் முடிவு பண்ணலயே."

ஆனாலும் இரவு கூடையைத் திறந்து சேவலைத் தடவிக்கொடுத்தாள். விடிந்ததும் தானே தூக்கிக்கொண்டு வந்து கோயில் வாசலில் நின்றாள். "கோட்ட மட்டும் விட்டுரு சாமி," என்று அவள் முணுமுணுத்தது வீரய்யாவின் காதில் விழுந்தது. அவன் மழையைப் பார்ப்பது போல மேலே பார்த்தான். மழை இல்லை.

வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அழகம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்தது. பலகாரமும் பிடித்தது. "எல்லாம் சரிதாங்க. இனி அந்த வெளக்க பாத்துருவோம்," என்று காரில் ஏறிப் பின்சீட்டின் நடுவில் அமர்ந்து, இரண்டு சீட்டுக்கும் இடையே கழுத்தை நீட்டிக்கொண்டாள். பக்கத்தில் செல்லசாமி ஒடுங்கிக்கொண்டார். முன்சீட்டில் பெரிய கங்காணி, தலைப்பாகைக்குள் வியர்த்தபடி.

முனி வளைவு வந்தது. வீரய்யா மனதுக்குள் சேவலை நினைத்துக்கொண்டு சாவியில் கை வைத்தான். திருப்பினான். என்ஜின் அடங்கத் தொடங்கியது.

"ஐயய்யோ! வண்டிக்கு உசிரு போவுது!" என்று அலறினாள் அழகம்மா. அவள் கண்ணெதிரே பள்ளம். பள்ளத்தின் அடியில் ஆறு. "யப்பா டைவரு, சத்தத்த நிறுத்தாதப்பா! சத்தம் கேட்டாத்தான் எனக்கு உசிரு நிக்கும்!"

"அது வந்துங்க சம்பந்தி... எறக்கத்துல..." என்று ஆரம்பித்த பெரிய கங்காணி, பெட்ரோலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, சம்பந்தி முகத்தைப் பார்த்து, எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். "டேய், சத்தத்த போடுடா! பெட்ரோலு என்ன, தண்ணி மாதிரி!"

வீரய்யா சட்டென்று சாவியைத் திறந்தான். இன்னும் கியரிலேயே உருண்டுகொண்டிருந்த கார் ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி உறுமியது. அப்படியே கியரில் முனகிக்கொண்டே இறங்கியது.

நான்கு பேரும் மாதுளை முத்தையே பார்த்தார்கள். முதல் வளைவு. எரியவில்லை. தேயிலைச் சரிவு முடிந்தது. எரியவில்லை. பாலம் வந்தது. எரியவே இல்லை.

"நல்ல எடந்தாங்க," என்று அழகம்மா பின்னால் சாய்ந்து வெற்றிலையை எடுத்தாள். "பரிசத்துக்கு நாளு பாத்துருங்க."

பெரிய கங்காணி தலைப்பாகையின் நுனியை இழுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளைப் பெற்றவர் கண். அதில் நாம் கை வைக்க வேண்டாம். அவர் கை வீரய்யாவின் கோட்டுத் தோளில் ஒருமுறை விழுந்து எழுந்தது. அன்று மாலை ராக்காயிக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கருஞ்சேவல் வந்து சேர்ந்தது. முனியாண்டிக்குப் புதுத் தகரக் கூரை போடுவதாகவும் பேச்சு.

திங்கட்கிழமை வெற்றிலை பாக்கு வாங்க நோர்வூட்டுக்குக் கிளம்பினார்கள். காரில் சம்பந்தி இல்லை. முனி வளைவில் வழக்கம்போல வீரய்யா என்ஜினை நிறுத்தி, ஹாரனுக்காகச் சாவியைத் திறந்தான். சிவப்பு எரிந்தது.

அவன் ஹாரனை மறந்துவிட்டுப் பெரிய கங்காணியைப் பார்த்தான். அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்து, விளக்கைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பயப்படாதடா. காரியத்த முடிச்சுக் குடுத்தவரு, நம்மள வழியனுப்புறாரு. கும்பிட்டுக்க."

வீரய்யா ஒரு கையால் கும்பிட்டு, மறு கையால் ஹாரன் அடித்தான். அந்த வருடம் முழுக்க அந்த வளைவில் இருவரும் கும்பிட்டார்கள். பூசாரி திருநீறு கொண்டுவந்து கண்ணாடி வட்டத்துக்குப் பூசினார்.

சாவி திறந்திருந்து என்ஜின் ஓடாவிட்டால் அந்த விளக்கு எரியும்.