ஆறாவது கோல்

நம் பழைய மாணவர் குழுவில் அந்தப் படத்தைப் போட்டது நான் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. வீட்டில் என் மனைவி ரேணுகாவிடம்கூட நான் சொல்லவில்லை.

தெரியாதவர்களுக்காக: என் பெயர் அன்பரசன். தொண்ணூற்றைந்து பேட்ச், பி.காம். வேங்கிக்காலில் இரண்டு டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டுகிறேன். நம் காலேஜ் ஃபுட்பால் டீம் எந்த ஊரில் ஆடினாலும் போய்விடுவேன். இந்த வருஷம் வரிசையாக நாலு மேட்ச் தோற்றோம். கடைசியாக வேலூரில் ஐந்து கோல். கோட்டோரம் நின்று நானும் என் கிளாஸ்மேட் சக்கரவர்த்தியும் தொண்டை கிழியக் கத்தினோம்.

"சார், நல்லா ஆடறவன ஒக்கார வச்சிட்டு யாருக்கு சார் படையல் போடறீங்க?" என்றேன் நான்.

"உடு மச்சான், அவருக்கு பென்ச்ல ஆளு கம்மியா இருக்குதாம்," என்றான் சக்கரவர்த்தி.

கோச் அர்ஜுனன் சார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அவருக்கு நிரந்தர வேலை கிடையாது. வருஷா வருஷம் டிசம்பரில் கமிட்டி கூடி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்த முறை புதுப்பிக்கக் கூடாது என்பதுதான் என் ஆசை. அதை நான் மறைக்கவும் இல்லை.

கார்த்திகை தீபம் முடிந்து பத்து நாள் இருக்கும். பிராக்டிஸ் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனேன். வேனை கேட் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தால், பையன்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கோச் நடு கிரவுண்டில் குத்துக்காலிட்டு, தலையைக் குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் எடுத்தேன். "அஞ்சு கோல் வாங்கினவர் ஆறாவது கோலைத் தேடறார்" என்று எழுதிக் குழுவில் போட்டேன். இருநூறு பேருக்கு மேல் சிரித்தீர்கள். அன்று ராத்திரி எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் இன்னொரு படம் எடுக்கலாம் என்று போனேன். நேராக கிரவுண்டின் குறுக்கே நடந்தேன்.

"அங்கிள், அங்க நடக்காதீங்க! அந்தப் பக்கம் சார் இன்னும் பாக்கல," என்று கீப்பர் சுந்தரேஷ் கத்தினான்.

"என்னா பாக்கல?"

"ஓடு, கண்ணாடி எல்லாம் கெடக்கும் அங்கிள். கட்டத்துக்குள்ள வாங்க."

அப்போதுதான் கவனித்தேன். கிரவுண்டு முழுக்கச் சுண்ணாம்பில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது.

"தீபத்துக்கு இங்கதான வண்டிங்கள நிறுத்தறாங்க? போன வருஷம் பாயும்போது எனக்கு இங்க கிழிச்சிடுச்சி." உள்ளங்கையைக் காட்டினான். நீளமாகத் தையல் தழும்பு. "பாதி பேரு வெறுங்கால்லதான் பிராக்டிஸ் பண்றோம். ஷூ மேட்ச்சுக்கு மட்டுந்தான். அதான் சார் ஒவ்வொரு கட்டமா கையால தடவிப் பாத்துட்டு எங்கள எறக்குவாரு."

"நீங்களும் கூட பொறுக்கலாமில்ல?"

"கேட்டோமே. கையில கிழிஞ்சா மேட்ச்ச யாருடா ஆடறதுன்னு திட்டறாரு."

பக்கத்தில் சிமெண்ட் சாக்கு ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். பாட்டில் உடைசல், ஆணி, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத் தோல். மீதி எல்லாம் தேங்காய் ஓடு.

தீபத்துக்கு என் இரண்டு வண்டியும் மூன்று நாள் அங்கேதான் நின்றன. சென்னைக்காரர்களை ஏற்றிக்கொண்டு புறப்படும்போதெல்லாம் வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைப்போம். சில்லு சில்லாகச் சிதறினால்தான் போகிற காரியம் நல்லபடியாக முடியும் என்று ஒரு நம்பிக்கை. கடைசி நாள் டிரைவர் உடைத்தது இரண்டாகப் பிளந்து அப்படியே நின்றுவிட்டது. அவனைத் திட்டிவிட்டு, இன்னொரு காயை வாங்கி நானே ஓங்கி அடித்தேன். கோல் போஸ்ட்டுக்கு நேர் எதிரே. நன்றாகத்தான் சிதறியது.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அர்ஜுனன் சார் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். விரலில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி.

"வாங்க சார். வேலூர்ல பாத்தேன் உங்கள. நல்ல தொண்ட சார் உங்களுக்கு," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பழைய ஸ்டூடண்ட்ஸ் குரூப்ல என் போட்டோ ஒண்ணு சுத்துதாம். யாரு எடுத்தாங்கன்னு எதனா தெரியுமா சார்?" என்றார்.

வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலீங்க சார்," என்றேன்.

"சரி உடுங்க. வெள்ளிக்கெழம கமிட்டி கூடுது. அதான் கேட்டேன்."

வீட்டுக்கு வந்து படத்தை அழிக்கப் பார்த்தேன். ஒரு வாரம் ஆகிவிட்டதால் என் போனிலிருந்து மட்டும்தான் போனது, உங்கள் போனிலிருந்து போகவில்லை. நடந்ததைக் குழுவில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரி எழுதினேன். சக்கரவர்த்தி என்ன சொல்லுவான் என்று நினைத்ததும் அழித்துவிட்டேன்.

"இன்னா, மூஞ்சி இப்படி கெடக்குது?" என்று ரேணுகா கேட்டாள். தலைவலி என்றேன். வெள்ளிக்கிழமைக்கு முழுசாக மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் தலைவலி என்றே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவருக்குப் புதுப்பிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் காலேஜ் செயலாளரைப் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"தோத்ததுக்காகன்னா இன்னொரு வருஷம் பாத்திருப்போங்க. பழைய மாணவருங்க எரநூறு பேரு சேந்து சிரிக்கறாங்கன்னா நாங்க இன்னா பண்றது?"

"அது தப்புன்னு நான் எழுதிக் குடுக்கறேங்க."

"நேத்து காலையில குடுத்திருந்தா படிச்சிருப்போம். புது ஆளுக்கு ஆர்டர் போட்டாச்சு."

அங்கிருந்து கிரவுண்டுக்குப் போனேன். அர்ஜுனன் சார் பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் படம் நான் எடுத்ததுதான் சார்."

அவர் நிமிரவில்லை. "தெரியும் சார். அன்னிக்கு கேட்டாண்ட வேனோட நின்னது நீங்க ஒருத்தருதான்."

"அப்பறம் எதுக்கு சார் என்ன கேட்டீங்க?"

"நீங்களே கமிட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

பையை இறுக்கிக் கட்டினார். "நாளைக்கு ஆரணியில மேட்ச். போயிட்டு வாங்க சார். என்னக் கத்தின மாதிரி அந்த கீப்பர மட்டும் கத்தாதீங்க. அவனுக்கு கையி நடுங்கும்."



ஆரணியில் ரெண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். புது கோச் வந்து ஒரு பிராக்டிஸ்கூட நடத்தவில்லை. மேட்ச் முடிந்ததும் நீங்கள் குழுவில், "கோச்சை மாத்தினதுக்குப் பலன் கெடச்சிடுச்சி, முதல் குரல் கொடுத்த அன்பரசனுக்கு நன்றி" என்று போட்டிருக்கிறீர்கள். மாலை போட்ட பொம்மையெல்லாம் வேறு.

அந்த நன்றியை எடுத்துவிடுங்கள்.