அம்மன் தேரில் ஒரு பத்திரம்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் தேரின் காகிதப் பூவுக்குக் கத்தரிக்கோல் ஆகாது. இரும்பு பட்ட பூவை அம்மன் சூடமாட்டாள் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. எல்லாப் பூவும் கையால் கிழித்தவை. பத்து வருடமாகக் கிழித்து வந்தவள் பேச்சியம்மா.

மஞ்சள் பூசிய தாளை மடித்து, மடிப்பின்மேல் ஈர விரலை ஓட்டி, தன் பக்கமாக மெல்ல இழுப்பாள். கிழிந்த ஓரத்தில் வெள்ளை நார் பஞ்சுபோல எழும்பும். நார் ஓடும் திசையில் இழுத்தால் கோடு நேராகப் போகும். குறுக்கே இழுத்தால் கோணும். உள்ளிதழுக்கு நேர்கோடு, வெளியிதழுக்குக் கோணல் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருடம் பங்குனித் திருவிழாவுக்குத் தாள் போதவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். சுவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த மாயாண்டி, துணி வைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாளை உரித்துக் கொடுத்தான். அதன் பின்னால் மெல்லிய தாள். இரண்டுக்கும் நடுவே தடித்த காகிதம் ஒன்று மடிந்து கிடந்தது. பெட்டிக்குப் போட்ட தாங்கல் என்று பேச்சியம்மா நினைத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவ்வளவு சொன்னபடி கேட்ட காகிதத்தை அவள் அதுவரை தொட்டதில்லை. தேர் உச்சிக்கான தாமரையை அதில்தான் மஞ்சள் பூசிச் செய்தாள். பழுப்பு மைக்கோடுகள் இதழில் நரம்புபோல ஓடின.

தேர் நாள் காலையில் மாயாண்டியின் மனைவி அம்மாக்கண்ணு வந்து வாசலில் நின்றாள்.

“அக்கா, எங்க பெட்டித் தாளு உங்ககிட்டயா வந்துச்சு?”

“ஆமா. ஏன்டி?”

“அதுக்குள்ள என் பொறப்புப் பத்திரம் இருந்துச்சுக்கா. கூரை ஒழுகுதேன்னு தாளுக்கு உள்ள சொருகி வச்சேன். நாளைக்கு அட்டன்ல பிரஜாவுரிமை விசாரணை. இந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேன்.”

மாயாண்டி பின்னாலிருந்து முனகினான். “கல்யாணம் கட்டி ஏழு வருசத்துல எங்கிட்ட இவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். வெறகு இல்லைன்னு.”

அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. அந்தத் தடித்த காகிதம்தான் என்று பேச்சியம்மாவுக்குப் புரிந்தது. ஆனாலும் “தேடிப் பாக்குறேன்டி” என்று சொல்லிவிட்டாள்.

பேச்சியம்மாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் போன வருடமே தள்ளுபடியாகிவிட்டது. இந்த ஊரிலும் இல்லை, இந்தியக் கரையிலும் இல்லை என்று ஆகிப்போனவள். எனக்கு இல்லாதது இவளுக்கு மட்டும் எதற்கு என்று ஒரு நினைப்பு எழுந்தது. தேர் சுற்றி வந்ததும் பூவையெல்லாம் ஆற்றில் விடுவார்கள். கேட்பதற்கு ஆளில்லை. அந்த நினைப்பு தனக்குள்ளிருந்துதான் வந்தது என்பதே அவளைப் பயமுறுத்தியது. கடவுள் தண்டிப்பார் என்ற பயமில்லை அது. இனி அம்மாக்கண்ணுவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம். மனிதரைத் திருத்த அந்தப் பயமே பல சமயம் போதுமானதாக இருக்கிறது.

எழுந்துபோய் அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்தாள். “தேட வேண்டியதில்ல. நான்தான் கிழிச்சேன். தேரு மேல இருக்கு. வா.”

பூசாரி செல்லசாமி தேருக்குச் சூடம் காட்டி முடித்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

“சாமிக்கு வச்சதத் திரும்ப எடுக்கச் சொல்றியா? கூடாது பேச்சி.”

“வேணாங்க பூசாரியய்யா” என்றாள் அம்மாக்கண்ணு. அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். “எடுத்தா என் புள்ளைக்கு ஆவாது. நான் என் விதின்னு இருந்துக்கிறேன்.”

செல்லசாமி அவளைப் பார்த்தார். பிறகு தேரைப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூங்கிலைப் பிடித்துத் தாமே ஏறினார். தாமரையைக் கழற்றி, அம்மன் காலடியில் வைத்து எடுத்து, அம்மாக்கண்ணுவின் முந்தானையில் போட்டார்.

“நீயா எடுத்தாத்தான் குத்தம். நான் குடுத்தா பிரசாதம். போ.”

அந்த வருடம் தேர் உச்சியில் பூ இல்லாமல்தான் ஓடியது.

பேச்சியம்மா தேரின் பின்னால் போகவில்லை. இதழ்களைப் பிரித்து, மாவுப்பசை காய்ச்சி ஒட்ட உட்கார்ந்தாள். கத்தரித்த தாளாக இருந்தால் ஓரமும் ஓரமும் முட்டி நின்றிருக்கும். கிழித்ததால் ஒன்றின் நார்மேல் மற்றதன் நார் படிந்து பிடித்துக்கொண்டது. ஆனால் இதழ் நுனிக்காகக் கிள்ளி எறிந்த துணுக்குகளை எங்கே தேடுவது? ஏழு இடத்தில் ஓட்டை விழுந்தது.

மறுநாள் பேர் பதியும் தோட்ட வேலைக்குப் போகாமல் அவளும் அட்டன் பஸ்ஸில் ஏறினாள். விசாரணை அறையில் தம்பு என்ற யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் மஞ்சள் பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதை ஆர் கிழிச்சது?”

“நான்தாங்க ஐயா. சாமி தேருக்குப் பூ செஞ்சேன். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இவ மேல குத்தமில்லீங்க.”

“பத்திரத்திலையோ பூச் செய்தனீர்?”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மா தலை குனியவில்லை. தம்புவும் சிரிக்கவில்லை. பத்திரத்தை உள்ளே அதிகாரியிடம் கொண்டுபோனார். திரும்பி வந்து தணிந்த குரலில் சொன்னார்.

“இது செல்லாது. தகப்பன்ர பேரிலையே ஓட்டை. ஆனா பதிவு நம்பர் கிழியாமல் தப்பியிருக்கு. அரசாங்கக் கச்சேரியில பதிவுப் புத்தகம் இருக்கு, நகல் கேக்கலாம். மூண்டு மாசத் தவணை வாங்கியிருக்கிறன். இருங்கோ, விண்ணப்பத்தை நானே எழுதித் தாறன்.”

சாப்பாட்டு நேரம் அது. அவர் டிபன் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதினார்.

வெளியே தூறல். பஸ் நிற்கும் இடத்தில் அம்மாக்கண்ணு விண்ணப்பத்தை நெஞ்சோடு அணைத்து நின்றாள்.

“மூணு மாசத்துல குடுத்துருவாங்களாக்கா?”

“தெரியலடி.” பேச்சியம்மா தன் கம்பளியை அவிழ்த்து அவள் தலைமேலும் காகிதத்தின் மேலும் போர்த்தினாள். “கச்சேரிக்கு எத்தன தடவ போகணுமோ, நானும் வர்றேன்.”